முன் ஆக்ஸில் மாற்றம்: டானா 44, கிங்பின் 60, காயில் ஸ்பிரிங் 60 – எதை எடுப்பது?

இடது முன்சக்கரம் பாறையில் முட்டி நின்றது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்திருந்தேன், வண்டி லோ ரேஞ்சில் முதல் கியரில் இருந்தது. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம்தான் மிதித்தேன். வேட்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால் ரப்பர் பூட் கிழிந்து தொங்குகிறது, சக்கரம் திரும்பும்போதும் சுழற்சியைக் கடத்துகிற சி.வி. ஜாயின்ட்டின் குண்டுகள் கிரீஸோடு மண்ணில் சிதறிக் கிடக்கின்றன. அந்த ஒரே வருஷத்தில் அது மூன்றாவது ஜாயின்ட்.

ஐ.எஃப்.எஸ். எனப்படும் தனித்தனி முன் சஸ்பென்ஷன் உள்ள ஃபோர் வீல் டிரைவ் டிரக்கில் 37 இன்ச் டயரைப் போட்டுப் பாறையில் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். இதைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு சக்கரத்தையும் ஒரே குழாயில் பிணைக்கும் உருப்படியான ஒரு முழு ஆக்ஸிலை மாட்டிவிடுவோம் என்று தீர்மானிக்க அரைமணி நேரம் போதும். எந்த ஆக்ஸில் என்று தீர்மானிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. அதிலும் முதலில் எடுத்த முடிவு தப்பு. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் எவ்வளவு பெரியது, ஷாஃப்ட் எவ்வளவு தடிமன் என்பதை மட்டும் பார்த்து ஒரு கிங்பின் டானா 60 (டானா கம்பெனி ஆக்ஸில், 60 அதன் மாடல் எண்) வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல ஆக்ஸில்தான். ஆனால் அதன் டிஃபரன்ஷியல் வலது பக்கம் இருந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டியான என் டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் அவுட்புட் இடது பக்கம். எட்டு மாதம் அந்த ஆக்ஸில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

பிறகு சரியானதைத் தேடி என் வண்டியில் போட்டேன். அதற்கடுத்து நண்பர் ஒருவரின் வண்டிக்கு வேறு ஆக்ஸில் போட்டோம். இரண்டையும் ஓட்டிப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: பலம் என்பது புத்தகத்தில் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய எண். அந்த ஆக்ஸில் உங்கள் வண்டியில் வேறு எதையெல்லாம் மாற்றச் சொல்லும் என்பதைத்தான் வாங்குமுன் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். கீழே ஒப்பிடப்போவதும் பெரும்பாலும் அதைத்தான்.

மாற்றாமலே விடலாமா?

இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அலையலையாகக் கிடக்கும் மண்ரோட்டில் வேகமாகப் போவதுதான் உங்கள் ஓட்டம் என்றால் ஐ.எஃப்.எஸ்.தான் நல்லது. டிஃபரன்ஷியல் சேஸிஸில் தொங்குவதால் சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் குதிக்கும் எடை குறைவு. ஒரு பக்கம் குழியில் இறங்கினால் மறுபக்கத்துச் சக்கரம் சாய்வதில்லை. முழு ஆக்ஸில் போட்ட பிறகு அதே ரோட்டில் ஸ்டீயரிங் கையில் அடிப்பதை நீங்கள் உணர்வீர்கள். 35 இன்ச் டயர் வரை, அளவாக ஓட்டுகிறவர்கள் இரண்டு முன்சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் கம்பியான டை ராடைப் பலப்படுத்தி, நல்ல சி.வி. ஷாஃப்ட் போட்டுக்கொண்டு காலம் தள்ளலாம். ஐ.எஃப்.எஸ். எல்லாம் ஒரே பலமும் இல்லை: ஜெனரல் மோட்டார்ஸின் இலகு டிரக்குகளில் 8.25 இன்ச் கிரவுன் வீலும், கனரக டிரக்குகளில் 9.25 இன்ச்சும் வந்தன. இரண்டாவது லேசில் உடைவதல்ல.

பாறையில் மெதுவாக ஏறுகிற வேலைதான் என்றால் கதை மாறிவிடுகிறது. முழு ஆக்ஸிலில் ஒரு சக்கரம் மேலே ஏறும்போது மறுசக்கரம் கீழே அழுத்தப்படுகிறது. அதற்கு எப்போதும் தரை கிடைக்கிறது. சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கினாலும் டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி டயரின் அளவால் நிர்ணயிக்கப்பட்டது, அது குறையாது. ஐ.எஃப்.எஸ்.ஸில் ஸ்பிரிங் அமுங்க அமுங்க வயிறு தரைக்கு வந்துவிடும். சி.வி. ஜாயின்ட்டும், ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பியான டோர்ஷன் பாரை முறுக்கி வண்டியை உயர்த்தியபின், எந்நேரமும் சாய்ந்த கோணத்திலேயே சுற்றுகிறது. ஸ்டீயரிங்கையும் முழுக்க ஒடித்தால் உடையாமல் என்ன செய்யும்?

எல்லாவற்றுக்கும் முன்: எந்தப் பக்கம்?

டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னால் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எஞ்சினுக்கு இடதுபுறம் போகிறதா, வலதுபுறமா? வண்டிக்குள் உட்கார்ந்து முன்னோக்கிப் பார்க்கும் இடவலம்தான் கணக்கு. டிஃபரன்ஷியலும் அதே பக்கம் இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஷாஃப்ட் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போக வேண்டிவரும். ஆயில் பேனும் கியர்பாக்ஸும் அதற்கு வழிவிடாது. அப்போது டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்ற வேண்டும்.

டானா 60-ஐப் பொறுத்தவரை ஃபோர்டு வண்டிகளில் வந்த முன் ஆக்ஸில் எல்லாம் இடது பக்கம். 1977 முதல் 1991 வரை ஷெவ்ரோலே ஒரு டன் டிரக்குகளில் வந்தது வலது பக்கம். அந்தக் காலத்து டாட்ஜும் வலதுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1988-ல் ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு மாறிய புதிய டிரக்குகளில் முன் அவுட்புட் இடது பக்கம் வந்துவிட்டது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஒரே கம்பெனி வண்டி, ஒரே கம்பெனி ஆக்ஸில், பொருந்திவிடும் என்று நம்பினேன். ஆக்ஸிலைப் பார்க்கப் போகும்முன் உங்கள் வண்டிக்கு அடியில் படுத்து ஒருமுறை பாருங்கள், அவ்வளவுதான் வேலை.

டானா 44

கிரவுன் வீல் 8.5 இன்ச். ஜீப், ஃபோர்டு, ஷெவ்ரோலே, டாட்ஜ் என்று எல்லாரும் போட்டதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. எடை குறைவு, டிஃபரன்ஷியல் வார்ப்பு சிறியது, அதனால் தரையிடைவெளியும் அதிகம். வண்டியும் சிறியதாக, எஞ்சினும் அளவானதாக இருந்து, டயர் 35 இன்ச்சோடு நிற்கும் என்றால் இதற்கு மேல் போகத் தேவையில்லை என்பேன்.

இதன் பலவீனம் கிரவுன் வீலிலோ அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனிலோ இல்லை. சக்கரத்தின் ஓரத்தில் இருக்கிறது. உள் ஷாஃப்ட் பெரும்பாலும் 30 ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் நுனியில் வெட்டிய பற்களின் எண்ணிக்கை), ஸ்டப் எனப்படும் வெளி ஷாஃப்ட் 19 ஸ்ப்ளைன், நடுவில் சின்ன யூ-ஜாயின்ட். உடையும் முறை எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஜாயின்ட்டின் கப், ஷாஃப்ட் நுனியில் உள்ள காதுக்குள் மெல்லச் சுழலத் தொடங்கும், கிளிப் தெறிக்கும், கப் வெளியே வரும், காது விரிந்து பிளக்கும். குரோம்-மோலி என்ற பலமான கலப்பு எஃகில் செய்த ஷாஃப்ட், முழுவட்டக் கிளிப் போட்ட நல்ல ஜாயின்ட் இரண்டும் போட்டால் இது வெகுவாகத் தள்ளிப்போகும். 37 இன்ச் போட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் லாக்கரும் போட்டு, வலது காலையும் அடக்கத் தெரியாதவர் என்றால் அதுவும் போதாது.

ஒரு சின்னக் கணக்கு. டானா 44-ன் 30 ஸ்ப்ளைன் ஷாஃப்ட் சுமார் 1.31 இன்ச் விட்டம். டானா 60-ன் 35 ஸ்ப்ளைன் ஷாஃப்ட் 1.5 இன்ச். ஐந்தில் ஒரு இன்ச் கூட வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் முறுக்கு விசையைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிப்படி ஏறுகிறது. அதே இரும்பில் செய்திருந்தால் 60-ன் ஷாஃப்ட் ஒன்றரை மடங்கு தாங்கும். டானா 44-ல் குரோம்-மோலி போட்டு நீங்கள் பெறும் பலத்தில் பெரும்பகுதி, டானா 60-ல் கம்பெனி ஷாஃப்ட்டிலேயே வந்துவிடுகிறது. 44-ஐ எடுத்து ஷாஃப்ட், ஹப், ஜாயின்ட், வெளி ஸ்டப் எல்லாம் மாற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும். முழுக்கப் பலப்படுத்திய 44 பல நேரங்களில் சாதாரண 60-ஐவிட அதிகம் செலவு வைக்கும்.

கிங்பின் டானா 60

கிரவுன் வீல் 9.75 இன்ச். உள் ஷாஃப்ட் 35 ஸ்ப்ளைன், வெளி ஸ்டப் 30 ஸ்ப்ளைன். பால் ஜாயின்ட்டுக்குப் பதிலாக, சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் வார்ப்பான நக்கிளின் அடியில் ஒரு டேப்பர் பேரிங், மேலே ஒரு கிங்பின், அதைச் சுற்றி ஒரு புஷ், புஷ்ஷை அழுத்த ஒரு கனத்த ஸ்பிரிங். ஃபோர்டில் இது 1978-லிருந்து 1991 வரை வந்தது.

எனக்கு இந்த ஆக்ஸில் மேல் ஒரு பிரியம் உண்டு, அதை மறைக்கவில்லை. காரணம் பலம் மட்டுமல்ல. இதில் தேய்கிற ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்து, கழுவி, கிரீஸ் போட்டு, மாற்றித் திரும்பப் பூட்டலாம். ஹப்பில் இரண்டு டேப்பர் பேரிங். நட்டை இறுக்கித் தளர்த்தி நீங்களே செட் பண்ணிக்கொள்ளலாம். சக்கரத்தை ஷாஃப்ட்டோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் லாக்கிங் ஹப் வெளியே, கையால் திருப்புவது. நடுக்காட்டில் பேரிங் போனாலும் ஒரு பேரிங், ஒரு சீல், கொஞ்சம் கிரீஸ் இருந்தால் வண்டி வீடு வந்து சேரும்.

பழைய கிங்பின் ஆக்ஸிலைப் பார்க்கப் போகும்போது ஒரு கடப்பாரை எடுத்துச் செல்லுங்கள். வண்டியில் மாட்டியிருந்தால் ஆக்ஸிலை ஜாக்கியில் ஏற்றி, டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பச் சொல்லிவிட்டு, நக்கிளுக்கும் ஆக்ஸில் நுனியில் உள்ள சி வடிவ வார்ப்புக்கும் இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். நக்கிள் எழும்பி எழும்பி உட்கார்ந்தால் மேல் புஷ்ஷும் கீழ் பேரிங்கும் தேய்ந்துவிட்டன. அவற்றை மாற்றுவது பெரிய வேலையில்லை. ஆனால் மாற்றாமல் ஓட்டினால் ஒரு வேகத்தில் முன்சக்கரம் இரண்டும் படபடவென்று ஆடத் தொடங்கும். வண்டியை நிறுத்தும்வரை அந்த ஆட்டம் நிற்காது. ஒருமுறை அதை அனுபவித்தவர் மறக்கமாட்டார்.

இதன் பெரிய வசதி ஸ்டீயரிங். நக்கிளின் தலையில் கிங்பின்னை மூடியிருக்கும் நான்கு ஸ்டட் மூடியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஸ்டீயரிங் ஆர்ம் பூட்டலாம். டை ராடும், ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து வரும் கம்பியான டிராக் லிங்க்கும் ஸ்பிரிங்குக்கு மேலே போய்விடும். பாறையில் டை ராட் வளைகிற பிரச்சினை அத்தோடு ஒழிந்தது. லீஃப் ஸ்பிரிங் போடுகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

குறைகளும் உண்டு. பிரேக் பழைய காலத்தது. வேலை செய்யும், அவ்வளவுதான். ஃபோர்டு ஆக்ஸிலில் இடது பக்க ஸ்பிரிங் உட்காரும் இடம் டிஃபரன்ஷியல் வார்ப்போடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. உங்கள் சேஸிஸின் அகலம் அதற்கு ஒத்துவராவிட்டால் அந்த வார்ப்பைச் சீவி எடுத்து வேறு தாங்கி வைக்க வேண்டும். வயதும் சேர்ந்துவிட்டது. நாற்பது ஐம்பது வருஷத்து இரும்பு, எத்தனை கை மாறியதோ. நல்ல நிலையில் கிடைப்பது வரவரக் குறைகிறது; கிடைத்தால் விற்பவருக்கும் அதன் மதிப்பு தெரிந்திருக்கிறது.

ஃபோர்டு ஒன்றுக்கும் ஷெவ்ரோலே ஒன்றுக்கும் இடம்வலம் தவிர இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. ஃபோர்டில் பினியன், ஆக்ஸிலின் மையக்கோட்டுக்கு மேலே உட்காரும். பற்களும் எதிர்த்திசையில் வெட்டப்பட்டவை. முன் ஆக்ஸிலாக ஓடும்போது பல்லின் பலமான முகத்தில் சுமை விழும். ஷெவ்ரோலேயில் பினியன் கீழே, பின் ஆக்ஸிலுக்கான வெட்டு. முன்னால் போட்டால் பல்லின் பின்முகத்தில் சுமை விழும். 9.75 இன்ச் கிரவுன் வீலில் இது உடனே உடைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் பினியன் மேலே இருந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் குறையும், பாறையில் இடிபடாது. உயர்த்திய வண்டிக்கு அந்தச் சில இன்ச்சுகள் பெரிய வரம்.

2005-க்குப் பிந்தைய காயில் ஸ்பிரிங் 60

ஃபோர்டு தன் சூப்பர் டியூட்டி ஃபோர் வீல் டிரைவ் டிரக்குகளில் 2005-ல் முன் லீஃப் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங், ஆக்ஸிலை முன்பின்னாகப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம், இடவலமாகப் பிடிக்கும் டிராக் பார் என்று மாற்றியது. அந்த ஆக்ஸிலும் டானா 60-தான், இடது பக்கம், பினியன் மேலே. ஆனால் நக்கிளில் பால் ஜாயின்ட், ஹப்பில் கழற்ற முடியாத யூனிட் பேரிங். வெளி ஷாஃப்ட்டும் 35 ஸ்ப்ளைன். பெரிய பிரேக். முக்கியமாக, சக்கரம் ஒடிகிற கோணம் முந்தைய லீஃப் ஸ்பிரிங் ஆக்ஸிலைவிட மிக அதிகம்.

நண்பர் வண்டியில் போட்டது இதுதான். முதல்நாள் அவர் ஒரு மரத்தைச் சுற்றி வண்டியைத் திருப்பிய விதத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. நான் என் கிங்பின்னில் ரிவர்ஸ் எடுத்து இரண்டாம் தடவை முயல வேண்டிய இடத்தில் அவர் ஒரே மூச்சில் திரும்பினார். பிரேக் மிதித்தால் நிற்கிறது. வெளி ஸ்டப்பை மாற்ற வேண்டிய செலவும் இல்லை. புதிய வண்டிகளிலிருந்து வருவதால் துருவும் தேய்மானமும் குறைவு.

இதற்கு நீங்கள் கொடுக்க வேண்டிய விலை அகலம். ஃபோர்டு கிங்பின், ஒரு சக்கர முகத்திலிருந்து மறுமுகம் வரை சுமார் 69 இன்ச். இது சுமார் 72. அந்த அகலத்துக்கு ஏற்ற, உள்ளே ஆழமாக உட்காரும் ரிம் போட்டால்தான் டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நிற்காது. 17 இன்ச்சுக்குக் குறைந்த ரிம் பிரேக்கைத் தாண்டி உட்காராது. ரேடியஸ் ஆர்ம் பிடிக்கும் தாங்கி, டிஃபரன்ஷியல் பக்கத்தில் வார்ப்போடு சேர்ந்தே வருகிறது. நீங்கள் மூன்று லிங்க் சஸ்பென்ஷன் செய்ய நினைத்தால் அதை அரைத்து எடுக்க ஒரு முழுநாள் போய்விடும். யூனிட் பேரிங் ஒருநாள் சத்தம் போட்டால் கிரீஸ் போட வழியில்லை, மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். லாக்கிங் ஹப் வேக்குவத்தில் வேலை செய்வது. அதை விட்டுவிட்டுக் கையால் திருப்பும் ஹப் போட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். நக்கிளின் தலையில் ஆர்ம் பூட்டும் அந்தக் கிங்பின் வசதியும் இதில் இல்லை.

வாங்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று, 1999-லிருந்து வந்த லீஃப் ஸ்பிரிங் சூப்பர் டியூட்டிகளில் சிலவற்றில் முன்னால் இருப்பது டானா 50, 9 இன்ச் கிரவுன் வீல். தூரத்திலிருந்து பார்த்தால் 60 மாதிரியே இருக்கும். வார்ப்பின் மேல் உள்ள சேற்றைக் கம்பி பிரஷால் தேய்த்து, புடைப்பாக வார்த்திருக்கும் எண்ணை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு, சூப்பர் டியூட்டியில் ரிம்மைப் பிடிக்கும் எட்டு போல்ட் 170 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும். பழைய ஃபோர்டு, ஷெவ்ரோலே, டாட்ஜ் எட்டு போல்ட் 6.5 இன்ச், அதாவது 165.1 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ரிம்மைத் தூக்கி வைத்துப் பார்த்தால் ஒரு போல்ட் நுழையும், எதிர் போல்ட் துளையின் விளிம்பில் முட்டி நிற்கும். அந்த ஐந்து மில்லிமீட்டருக்காகப் பின் ஆக்ஸிலையோ நான்கு ரிம்களையோ மாற்ற நேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

மற்றவை

புதிதாகச் செய்து விற்கும் பட்டறை ஹவுசிங்குகள் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டிய அகலம், வேண்டிய பக்கம், வேண்டிய கோணம். ஏற்கெனவே எல்லாவற்றையும் அளந்து முடித்தவருக்கு அது சுத்தமான வழி. அளக்காதவர் கையில் அதுவும் தப்பான ஆக்ஸில்தான். ராணுவ டிரக்குகளின் இரண்டரை டன் ராக்வெல் ஆக்ஸில் 6.72 ரேஷியோவில் (சக்கரம் ஒருமுறை சுற்ற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அத்தனை முறை சுற்ற வேண்டும்) வருகிறது, ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு அது வேண்டாம். உனிமாக் போன்ற டிரக்குகளில் சக்கரத்தின் மையத்துக்கு மேலே உட்காரும் போர்ட்டல் ஆக்ஸில் தரையிடைவெளியில் ராஜா, ஆனால் சின்ன டயர் போட்டே உயரம் பெறுகிற அந்த யோசனை முழுவதுமே வேறொரு வண்டிக்கானது. டாட்ஜ் ராம் கனரக டிரக்குகளில் 2003 முதல் வந்த 9.25 இன்ச் ஆக்ஸிலை மட்டும் ஒதுக்க மாட்டேன். அருகில் நல்லது கிடைத்தால் காயில் ஸ்பிரிங் 60-க்குச் சொன்ன அதே கணக்கை அதற்கும் போட்டுப் பாருங்கள்.

ஸ்டீயரிங்கும் கேஸ்டரும்

ஆக்ஸில் எதுவானாலும் வண்டி நேராக ஓடுவதும் ஓடாததும் இங்கேதான் தீர்மானமாகிறது. இதைப் பற்றிப் பேசாமல் பல் எண்ணிக்கையையே பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

காயில் ஸ்பிரிங் என்றால் டிராக் பார் கட்டாயம். அந்த டிராக் பாரும், ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து நக்கிளுக்குப் போகும் டிராக் லிங்க்கும் இணையாக, ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஸ்பிரிங் அமுங்கும்போது இரண்டு கம்பிகளின் நுனியும் ஒரே வளைவில் நகர்ந்தால் ஸ்டீயரிங் அசையாது. ஒன்று சாய்ந்தும் மற்றது படுத்தும் இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாகத் திரும்பும். லீஃப் ஸ்பிரிங்கில் பட்டைகளே ஆக்ஸிலை இடவலமாகப் பிடித்துக்கொள்கின்றன, இந்தச் சிக்கல் குறைவு. வெல்டிங் அனுபவம் அதிகம் இல்லாதவருக்கு நான் லீஃப் ஸ்பிரிங்கைச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது கேஸ்டர். கிங்பின்னின் மேல்நுனி கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பெரிய டயருக்கு 5 முதல் 7 டிகிரி வைத்துக்கொள்ளுங்கள். இது இருந்தால்தான் வளைவில் ஸ்டீயரிங்கை விட்டதும் அது தானே நேருக்கு வரும். வண்டியை உயர்த்தியபின் பினியன், டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்து நிமிர வேண்டும். ஆக்ஸிலை நிமிர்த்தினால் கேஸ்டர் போய்விடும். கேஸ்டரைக் காப்பாற்றினால் பினியன் குனிந்துவிடும். ஆப்பு வைத்து இரண்டையும் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் ஆப்பு முழு ஆக்ஸிலையும் சேர்த்தே திருப்புகிறது. இரண்டும் வேண்டுமென்றால் ஆக்ஸில் குழாயின் நுனியில் உள்ள சி வார்ப்பின் வெல்டை அரைத்து எடுத்து, அதைச் சுத்தியால் தட்டித் திருப்பி, மறுபடி வெல்ட் வைக்க வேண்டும்.

எனக்கு அதை வெல்ட் செய்து கொடுத்த தம்பி இயந்திரத்தைத் தொடுமுன் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: “அண்ணே, வண்டி முழு எடையோட நாலு சக்கரத்துல நிக்கும்போது எடுத்த கோணமா, இல்ல சும்மா ஸ்டாண்ட்ல வச்சு எடுத்ததா?” நான் ஸ்டாண்டில் வைத்து எடுத்திருந்தேன். எஞ்சினை வண்டிக்குள் இறக்கிப் பொருத்தி, ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, மறுபடி அளந்தபோது இரண்டரை டிகிரி வித்தியாசம். டிஃபரன்ஷியல் வார்ப்பில் வெல்ட் வைக்க வேண்டிவந்தபோது அவர் முதலில் அந்த இடத்தை நன்றாகச் சூடேற்றினார், கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார், முடிந்ததும் கனமான போர்வையைச் சுற்றி இரவு முழுக்க ஆறவிட்டார். வார்ப்பிரும்பு சட்டென்று குளிர்ந்தால் வெல்டின் ஓரத்தில் விரிசல் விடும். அது அன்றைக்குக் கண்ணில் படாது, பாறையில்தான் படும்.

பின் ஆக்ஸில் என்ன சொல்கிறது?

முன் ரேஷியோவும் பின் ரேஷியோவும் ஒன்றாக இருக்க வேண்டும். 4.10-ம் 4.11-ம் சேர்ந்து ஓடலாம், 4.10-ம் 4.30-ம் ஓடாது, டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு நிற்கும். டயருக்கு ஏற்ற ரேஷியோவை இப்படிக் கணக்கிடுங்கள்: 31 இன்ச் டயரோடு 3.73 இருந்த வண்டிக்கு 37 போட்டால், 37-ஐ 31-ஆல் வகுத்து 3.73-ஆல் பெருக்க, 4.45 வருகிறது. கிடைப்பதில் அருகில் உள்ளது 4.56. பாறை ஓட்டத்துக்கு அதற்கும் ஒருபடி மேலே, 4.88 எடுப்பது என் வழக்கம்.

இங்கே டானா 60-ல் ஒரு நுணுக்கம். 4.10-க்கும் அதற்குக் கீழும் ஒரு கேரியர் (கிரவுன் வீலைத் தாங்கிச் சுற்றும் கூடு), 4.56-க்கும் மேலும் வேறொரு கேரியர். டானா 44-ல் இந்தப் பிரிவு 3.73-க்கும் 3.92-க்கும் இடையில் வருகிறது. லாக்கரே கேரியராக உட்காருவதால், பினியன் செட்டைத் தீர்மானித்த பிறகே லாக்கரை வாங்க வேண்டும்.

எட்டு போல்ட் முன்னால் போனால் பின்னாலும் எட்டு போல்ட் வேண்டும், இல்லையென்றால் இரண்டு வகை ஸ்பேர் டயர் சுமக்க வேண்டும். பெரிய பிரேக் காலிபருக்கு அதிக எண்ணெய் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் தேவைப்படலாம். பெடல் ஆழமாகப் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். ஏ.பி.எஸ். உள்ள வண்டி என்றால் அதன் சென்சார் என்ன ஆகும் என்பதையும், வாகனச் சோதனையிலும் காப்பீட்டிலும் இந்த மாற்றத்தை ஏற்பார்களா என்பதையும் ஆக்ஸில் வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

யாருக்கு எது?

35 இன்ச்சோடு நிற்கும் சிறிய வண்டி, பின்னால் ஐந்து அல்லது ஆறு போல்ட் நல்ல ஆக்ஸில் இருக்கிறது, அதை மாற்ற விருப்பமில்லை: டானா 44, தேவைப்படும்போது குரோம்-மோலி ஷாஃப்ட். இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

37-லிருந்து 40 இன்ச், லீஃப் ஸ்பிரிங், தானே கழற்றிப் பூட்டுகிறவர், பின்னால் பழைய எட்டு போல்ட் 165.1 ஆக்ஸில்: கிங்பின் 60. முன் அவுட்புட் இடது என்றால் ஃபோர்டு. வலது என்றால் ஷெவ்ரோலே அல்லது டாட்ஜ். நல்ல நிலையில் ஒன்று கிடைக்கும்வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

தினமும் ரோட்டிலும் ஓட்ட வேண்டும், காயில் ஸ்பிரிங் போடும் வெல்டிங் வசதியும் ஆளும் இருக்கிறது, அகலம் பிரச்சினையில்லை, பின் ஆக்ஸிலையும் சூப்பர் டியூட்டியிலிருந்தே எடுத்துவிடலாம்: கண்ணை மூடிக்கொண்டு 2005-க்குப் பிந்தையது. இன்று புதிதாகத் தொடங்குகிற ஒருவர் என்னிடம் கேட்டால் பத்தில் ஏழு பேருக்கு இதைத்தான் சொல்வேன், என் வண்டியில் கிங்பின் இருந்தாலும்.

ஆக்ஸில் வந்து சேர்ந்ததும் தாங்கிகளைப் புள்ளி வெல்டில் மட்டும் நிறுத்துங்கள். ஸ்பிரிங் இல்லாமல் ஆக்ஸிலை ஜாக்கியில் மேலே ஏற்றிக்கொண்டே போங்கள். முதலில் இரண்டு பக்கமும், பிறகு ஒரு பக்கம் மட்டும், ஸ்டீயரிங்கை இரண்டு முனைக்கும் ஒடித்து. ஃபோர்டின் உயரமான பினியன் வார்ப்பு ஆயில் பேனை நோக்கித்தான் வரும். என் வண்டியில் அது பேனைத் தொட இரண்டு விரல் அளவு இருக்கும்போது ஜாக்கியை நிறுத்தினேன், ஆக்ஸில் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பை அந்த உயரத்தில் வெல்ட் செய்தோம், அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங் தாங்கிகளுக்கு முழு வெல்ட் வைத்தோம்.